சில்லு பூட்டிய வறுமைக்குச் 'சேமிப்பு' எண்டு பேர்

ஆர்.வி. வீடியோ பாக்கிற வியாதி எங்களுக்கும் இருக்கு. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம். இரவு பன்னிரண்டு மணிக்கு, அரிசோனாப் பாலைவனத்தில், வண்டிக் கதவைத் திறந்து வைத்தபடி ஒரு அம்மா முட்டை பொரிக்கிறா. பின்னால் மலை, கூரையில் சோலர் தகடு, காலடியில் நாய். "போன மாதம் என்ர மொத்தச் செலவு இவ்வளவுதான்" என்று ஒரு துண்டைக் காட்டுறா. வாடகை எண்ட இடத்தில் சைபர். வெள்ளவத்தையில் ஒரு அறைக்கு மாதா மாதம் வாடகை கட்டிக்கொண்டு இதைப் பார்க்கிற ஒருவருக்கு அந்தச் சைபர் சாமி படம் மாதிரித் தெரியும். எங்களில் சிலருக்குத் தெரிந்தது.

ஆர்.வி. எண்டால் படுக்கை, அடுப்பு, குளிரூட்டி, ரொய்லற் எல்லாம் உள்ளே வைத்த வீட்டு வண்டி. பஸ் அளவிலும் இருக்கும். பழைய வான் ஒன்றுக்குள் மெத்தையைப் போட்டுவிட்டு அதையும் அந்தப் பேரிலேயே கூப்பிடுவார்கள். இந்த வண்டியில் வாழ்ந்துகொண்டே ஊர் சுற்றிக் காசு மிச்சம் பிடிப்பது எப்படி என்பது அமெரிக்காவில் ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்ந்து நிற்கிறது. எங்களுக்குப் பிரச்சினை வண்டியோடும் இல்லை, அதில் வாழ்கிற சனத்தோடும் இல்லை. அந்த எழுத்து வகை நம்பியிருக்கிற ஒரே ஒரு சொல்லோடுதான் பிரச்சினை. சேமிப்பு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் தருகிற குறிப்புகளில் பெரும்பாலும் பொய் இல்லை. குளிர்காலத்துக்குப் பாலைவனத்தில் இறங்கு, வெயில் ஏறினால் மலைக்கு ஏறு, ஹீற்றருக்கும் ஏசிக்கும் காசு போகாது என்கிறார்கள். குவார்ட்ஸ்சைட் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி கூட இல்லை, அதே அரிசோனாவில் பிளாக்ஸ்ராவ் ஏழாயிரம் அடியில் இருக்கிறது. அதனால் இது சரியான அறிவு. குளிப்பதற்கு ஜிம் ஒன்றில் அங்கத்துவம் எடு, 62 வயதானால் தேசியப் பூங்காக்களுக்கான மூத்தோர் அட்டையை வாங்கு என்கிறார்கள். ஆயுள் அட்டை 80 டொலர், 2017 வரைக்கும் அது 10 டொலராகத்தான் இருந்தது. சமஷ்டி அரசின் முகாம்கள் பலவற்றில் அந்த அட்டைக்குப் பாதிக் கட்டணம். தெற்கு டகோட்டாவில் ஒரே ஒரு இரவு தங்கிய பற்றுச்சீட்டைக் காட்டி, தபால் வாங்கித் தரும் ஒரு நிறுவனத்தின் முகவரியையும் கொடுத்தால் அந்த மாநிலத்து வாசியாகப் பதியலாம், அங்கே மாநில வருமான வரி இல்லை. இதையெல்லாம் கண்டுபிடித்து, ஒருத்தருக்கொருத்தர் இலவசமாகச் சொல்லிக் கொடுத்தது ஏழைச் சனம். அந்த அறிவைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பம்.

வாடகைக்குச் சைபர் போடுவது எப்படிச் சாத்தியமாகிறது? அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் மத்திய அரசின் நில முகாமைப் பணியகத்திடம் ஏராளமான தரிசு நிலம் இருக்கிறது. அதில் மின்சாரம், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எதுவும் இல்லாமல் காசு கட்டாமல் நிற்கலாம். ஆனால் 28 நாளில் 14 நாள்தான் நிற்கலாம். அதற்குப் பிறகு எழும்ப வேண்டும், அதுவும் அடுத்த பற்றைக்குப் பின்னால் போய் ஒளிய முடியாது, பல இடங்களில் 25 மைல் தள்ளிப் போக வேண்டும். பெரிய ஆர்.வி. ஒன்று ஒரு கலன் எரிபொருளுக்கு 6 முதல் 10 மைல்தான் ஓடும். எங்கட கணக்கில் லீற்றருக்கு இரண்டரையிலிருந்து நாலே கால் கிலோமீற்றர். அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் சொல்கிற முதல் புத்திமதி என்ன தெரியுமா? ஓடாதே, ஒரு இடத்தில் நில், அதுதான் மிச்சம் என்பது. நிலமோ "எழும்பிப் போ" என்கிறது. இந்த இழுபறிக்குள்தான் அந்த அம்மாவின் மாதம் போகிறது. வீடியோவில் இதற்கு "சுதந்திரம்" என்று தலைப்பு.

இந்த இலவச நிலம் யாருடையது என்ற கேள்வி எந்த வீடியோவிலும் வராது. குவார்ட்ஸ்சைட்டுக்கு வடக்கே கொலராடோ ஆற்றோரம் 1865 இல் பூர்வகுடி மக்களுக்கென்று வரையப்பட்ட ஒதுக்கிடம் ஒன்று இருக்கிறது. வரையப்பட்டது எண்டால், அதற்கு வெளியே இருந்ததெல்லாம் இனி உங்களுடையது இல்லை எண்டு அர்த்தம். காணி என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு ஒருக்கா இடிக்கிற ஊரிலிருந்து எழுதுகிறோம், 'அரச காணி' என்று யாராவது இலகுவாகச் சொன்னால் எங்களுக்குக் காது நிமிரும்.

குவார்ட்ஸ்சைட் சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூர். குளிர்காலத்தில் அதைச் சுற்றி லட்சக்கணக்கில் வண்டிகள் வந்து நிற்கும். செப்டெம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரைக்கும் நிற்க 180 டொலர் வாங்குகிற நீண்டகாலத் தங்குமிடங்களும் அங்கே இருக்கின்றன. ஏழு மாதத்துக்கு 180 டொலர்! இந்த ஆச்சரியக்குறியைத்தான் சேமிப்பு வீடியோக்கள் விற்கின்றன. ஆனால் ஏழு மாதத்துக்கு 180 டொலரைத் தேடி அறுபது, எழுபது வயதுக்காரர் ஏன் பாலைவனத்துக்கு வருகினம்? இதைக் கேட்டால் கதை மாறும்.

அமெரிக்காவின் மத்திய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டொலர். 2009 ஜூலையிலிருந்து ஒரு சதம் கூடவில்லை. கிழமைக்கு நாற்பது மணித்தியாலம் வேலை செய்தால் மாதம் ஏறத்தாழ 1,256 டொலர். அந்தக் கூலியில் முழுநேரம் வேலை செய்கிற ஒருத்தரால் நியாயமான சந்தை வாடகையில் இரண்டு அறை வீடு எடுக்கக்கூடிய மாநிலம் ஒன்றுகூட அந்த நாட்டில் இல்லை. இதோடு 2008 இன் வீட்டுக்கடன் நெருக்கடியையும், அதில் போன வேலைகளையும், போன ஓய்வூதியச் சேமிப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். நெவாடாவில் எம்பயர் என்று ஒரு கம்பனி ஊர் இருந்தது. 2011 இல் ஜிப்சம் தொழிற்சாலையை மூடினார்கள், வேலை போனதோடு வீடும் போனது. அந்த ஊரின் தபால் குறியீட்டைக்கூட நீக்கிவிட்டார்கள்.

வாடகை கட்ட முடியாமல் வண்டிக்குள் போன ஒருவரைப் பார்த்து "நீங்கள் வாடகையைச் சேமித்துவிட்டீர்கள்" என்பது, பட்டினி கிடந்தவரைப் பார்த்து "சாப்பாட்டுச் செலவு மிச்சம்" என்பது போலத்தான். 2022 இல் பெற்றோல் செட் வரிசையில் ஓட்டோவுக்குள் இரவு இரவாகக் காலை மடக்கிக்கொண்டு கிடந்தவர்களை எங்களுக்குத் தெரியும். அதை அப்போது ஒருத்தரும் சேமிப்பு எண்டு சொல்லேல்லை.

பொப் வெல்ஸ் என்பவரை இந்த உலகத்தில் தெரியாதவர்கள் இல்லை. மலிவாக ஆர்.வி.யில் வாழ்வது பற்றி 2005 அளவிலிருந்து எழுதி வருகிறவர், 2010 இலிருந்து குவார்ட்ஸ்சைட் பக்கம் ஆண்டுதோறும் பெரிய கூடல் ஒன்றைக் கூட்டியவர். அவருடைய தொடக்கம் என்ன? தொண்ணூறுகளின் நடுவில், அலாஸ்காவில், மணமுறிவுக்குப் பிறகு கடைச் சம்பளத்தில் வாடகை கட்ட வழியில்லாமல் பழைய பெட்டி லொறி ஒன்றுக்குள் போனவர். முதல் இரவு அழுதேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அந்த வாழ்க்கை தனக்குப் பிடித்துப் போனது என்றும் சொல்கிறார். நாங்கள் இரண்டையும் நம்புகிறோம். சேமிப்பு எழுத்து இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதைக் கத்தரித்துவிடுகிறது.

இனி, உண்மையிலேயே யார் சேமித்தார்கள் எண்ட கதைக்கு வருவம்.

ஜெசிக்கா ப்ரூடர் என்ற பத்திரிகையாளர் இந்தச் சனத்தோடு ஆண்டுக்கணக்கில் பழகி, தானும் ஒரு வானில் இருந்து பார்த்து, 2017 இல் 'நொமாட்லாண்ட்' என்ற புத்தகத்தை எழுதினார். அதில் வருகிற அமேசன் பகுதியை வாசித்தால் ஆர்.வி. பற்றிய மயக்கம் பாதி தெளியும். 2008 இலிருந்து அமேசன் 'கம்பர்ஃபோர்ஸ்' என்ற பெயரில் ஒரு ஆட்சேர்ப்பு நடத்தியது. நத்தார் விற்பனைக்கு முன்னைய மாதங்களில் ஆர்.வி. வாசிகளைக் களஞ்சியங்களுக்கு எடுப்பது, நத்தார் வந்ததும் அனுப்பிவிடுவது. பெரும்பாலும் வயதானவர்கள். சீமெந்துத் தரையில் ஒரு வேலைநேரத்தில் பத்துப் பதினைந்து மைல் நடந்த கதைகள் வருகின்றன. பொருட்களை ஸ்கான் பண்ணிப் பண்ணிக் கை நரம்பு கெட்ட கதைகள் வருகின்றன. வலிக் குளிசையை இலவசமாகத் தருகிற பெட்டிகள் சுவரிலேயே பூட்டியிருந்தனவாம். மருத்துவ வசதியிலும் இது ஒரு வகைதான், என்ன செய்ய.

இதில் கம்பனிக்கு என்ன மிச்சம்? தொழிலாளி தன் வீட்டைத் தானே இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார், விடுதி கட்டத் தேவையில்லை, முகாம் வாடகையைக் கொடுத்தால் போதும். மூன்று மாதத்தில் போகிறவர் தொழிற்சங்கம் கட்டப் போவதில்லை. உணவு முத்திரை போன்ற உதவியில் வாழ்பவர்களை வேலைக்கு எடுத்தால் கூலியில் 25 முதல் 40 வீதம் வரை மத்திய வரிச்சலுகையாகத் திரும்ப வந்தது என்பதையும் ப்ரூடர் எழுதியிருக்கிறார். அதாவது அந்த வறுமைக்கே ஒரு கழிவு இருந்தது. வெயிற்காலத்தில் அதே சனம் பூங்கா முகாம்களில் காவலாளாக நிற்கும். பதிவு செய்வது, சண்டையை விலக்குவது, சாம்பல் அள்ளுவது, ரொய்லற் கழுவுவது எல்லாம் அவர்கள்தான். சில இடங்களில் நிற்கிற இடமே சம்பளம். இலையுதிர்காலத்தில் வட டகோட்டா, மினசோட்டாப் பக்கம் சீனிக்கிழங்கு அறுவடை, அதுவும் பன்னிரண்டு மணித்தியால வேலை. "வேலை செய்துகொண்டே முகாமிடுங்கள், வாடகையைச் சேமியுங்கள்" என்று இதைத்தான் குறிப்புகளில் எழுதுகிறார்கள். சேமிப்பு ஒன்று நடந்தது உண்மை. அது எந்தக் கணக்கில் ஏறியது என்பதுதான் கேள்வி.

படத்துக்கு வருவம், ஏனெண்டால் எங்களுக்குள் சண்டையே அதில்தான் தொடங்கியது. க்ளோயி ஷாவ் எடுத்த 'நொமாட்லாண்ட்' 2020 இல் வந்தது, 2021 இல் சிறந்த படம், இயக்கம், நடிகை என்று மூன்று ஒஸ்கார் வாங்கியது. ஒரு சனிக்கிழமை எங்கட அறையில் சுவரில் துணி கட்டிப் பார்த்தோம். முடிந்ததும் எங்களில் பாதிப்பேர் பேச்சில்லாமல் இருந்தார்கள், மற்றப் பாதி கோபத்தில் எழும்பியது. படம் வடிவு, அதை மறுக்கேல்லை. அந்தி வெளிச்சம், பாறை, மக்டோர்மண்டின் முகம். ஆனால் அமேசன் களஞ்சியத்துக்குள்ளேயே கமராவைக் கொண்டு போய்விட்டு, நாயகி வாயால் அங்கே நல்ல காசு கிடைக்குது எண்டு சொல்லவிட்டு, அப்படியே வெளியே வந்துவிடுகிறது படம். புத்தகத்தில் கை நரம்பு கெட்டவர்கள் படத்தில் எங்கே?

அதைவிடப் பெரிய பிசகு ஒன்று இருக்கு. படத்தில் நாயகிக்கு வீடு கிடைக்கிறது, ஒரு முறை அல்ல. சகோதரி கூப்பிடுகிறாள், நேசிக்கிற ஆண் கூப்பிடுகிறார். அவள் இரண்டையும் விட்டுவிட்டு வானில் ஏறுகிறாள். அப்ப அது அவளின் தெரிவு, அவளின் துக்கம், அவளின் ஆன்மா. பொருளாதாரம் பின்னாலுள்ள மலையாகிவிட்டது. புத்தகத்தில் வருகிற லின்டா மே, படத்திலும் தன்னையே நடித்தவர், அறுபது தாண்டிய பாட்டி. இந்த எழுத்து வகை சொல்கிற அத்தனை குறிப்பும் தெரிந்தவர், முகாமில் ரொய்லற் கழுவியவர், அமேசனில் நின்றவர். அவர் அப்படிச் சேர்த்த காசை என்ன செய்தார்? அரிசோனாவின் ஒரு மூலையில் ஐந்து ஏக்கர் வெறும் நிலம் வாங்கினார். வீடு கட்ட! பழைய ரயர்களில் மண் அடைத்துச் சுவர் எழுப்புகிற ஒரு வகை வீடு, அசையாத வீடு. ஆர்.வி. சேமிப்பில் கரைகண்ட ஒருத்தர் சேமித்தது ஆர்.வி.யிலிருந்து இறங்குவதற்காக. இதை எந்தத் தலைப்பில் போடுவீர்கள்?

"நீங்கள் அடுத்தவையின்ர சந்தோசத்தில் மண் போடுறீங்கள்" என்று எங்களில் ஒருவரே சொன்னார். பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். விரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, ஓய்வூதியத்தோடு, லட்சம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய பஸ்ஸில் சுற்றுகிறவர்கள். மடிக்கணினியில் நகரச் சம்பளம் வாங்கிக்கொண்டு பாலைவனத்தில் நிற்கிற இளசுகள். அவர்களுக்கு அது சேமிப்பேதான், சந்தோசமாக இருக்கட்டும். எங்கள் குற்றச்சாட்டு என்னவென்றால், இவர்களின் கணக்குத் துண்டும் வாடகைக்கு வழியில்லாதவரின் கணக்குத் துண்டும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. சிலர் வங்கியில் பத்து, பதினைந்து வருடக் கடன் எடுத்து, கடையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே விலை விழுகிற வண்டியை வாங்குகிறார்கள், சேமிப்பதற்காகவாம். விற்கிறவன் சிரிப்பானா மாட்டானா.

இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் பொலிஸ்காரர். பூங்கா முகாமில் காசு கட்டி நிற்கிற பளபளப்பான வண்டியின் கதவை இரவில் அவர் தட்டுவதில்லை. நகரத் தெருவோரம் நிற்கிற, கண்ணாடிக்குக் கடதாசி மட்டை மறைத்த வானைத்தான் தட்டுவார். உள்ளே இருப்பவரின் தோல் கறுப்பு எண்டால் தட்டு இன்னும் பலமாக விழும். குவார்ட்ஸ்சைட் கூடல்களில் வெள்ளை முகங்களே நிறைந்திருப்பதை ப்ரூடரும் கவனித்து எழுதினார், காரணத்தை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஓரிகனில் கிரான்ற்ஸ் பாஸ் என்ற ஊர், பொது இடத்தில் முகாமிட்டுப் படுப்பவர்களுக்குத் தண்டம் விதித்தது. எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் குளோரியா ஜோன்சன் என்ற பெண் வானில் வாழ்ந்தவர், வழக்கே அவர் பெயரில்தான் நின்றது. 2024 ஜூன் 28 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6 க்கு 3 என்று நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. படுக்க வேறு இடம் இல்லாவிட்டாலும் தண்டிக்கலாம் என்று ஆகிவிட்டது. வோல்மார்ட் தரிப்பிடங்களில் இரவு நிற்க விடுவதும் அந்தந்தக் கடை முகாமையாளரின் மனசைப் பொறுத்தது. இனி வாடகைக்குப் பக்கத்தில் போட்ட சைபருக்குக் கீழே "தண்டம்" என்று இன்னொரு வரியும் வேண்டும்.

அந்தத் துண்டில் இன்னொரு வரியைத் தேடிப் பாருங்கள், பல வீடியோக்களில் நாங்கள் தேடினோம். பல். அமெரிக்க மூத்தோர் மருத்துவக் காப்புறுதியின் அடிப்படைத் திட்டம் வழமையான பல் வைத்தியத்துக்குக் காசு தராது. அதனால் குளிர்காலத்தில் யூமா பக்கம் நிற்கிற ஆர்.வி. சனம், எல்லையில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே மெக்சிக்கோவுக்குள் போகிறது. லொஸ் அல்கொடோனெஸ் என்று ஒரு சின்ன ஊர். சில தெருக்களுக்குள் நூற்றுக்கணக்கான பல் வைத்தியர்கள், கடைவாய்ப் பல் நகரம் எண்டே பட்டப்பேர். பல்லைப் பிடுங்கி, கட்டி, மலிவாக மருந்தும் கண்ணாடியும் வாங்கிக்கொண்டு, பின்னேரம் எல்லை வரிசையில் வந்து நிற்பார்கள். அந்த எல்லைக்குச் சுவர் கட்ட வேண்டும் என்று வாக்குப் போட்டவர்களும் அந்த வரிசையில் நிற்கக்கூடும், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி.